சண்டை நடந்த இடத்தில் சுவர் இல்லை: காவிரி டெல்டா கடற்கரையின் கோட்டைகளும் மாண்டவர்களின் பெயர்களும்

ஐரோப்பாவின் கடற்கரைகளுக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் இப்போது இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கான்கிரீட் பதுங்கறைகளையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் போர்வீரர் கல்லறைகளில் மலர் வைத்துப் படமும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும் டெல்டாக்காரர்களுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. கொள்ளிடத்தின் முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரைக்கும், அதைத் திரும்பிப் பட்டுக்கோட்டைப் பக்கம் வரைக்கும் நமக்கும் நீண்ட கடற்கரை உண்டு. இங்கே போர்க்காலத்து அரண் என்ன இருக்கிறது? இங்கிருந்து போய் மாண்டவர்களுக்கு எங்கே மலர் வைப்பது?

வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் மூன்று:

1. தரங்கம்பாடியில் போர்க்கோட்டை இருக்கிறது.
2. மனோரா ஒரு காவல் கோபுரம்.
3. உலகப் போர்கள் டெல்டாவைத் தொடவே இல்லை.

மூன்றும் அரைகுறை விடைகள். ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## முதலில் சில சொற்கள்

கோட்டையின் மூலைகளில் மதிலைவிட்டு வெளியே துருத்தி நிற்கும் பீரங்கி மேடைக்குக் கொத்தளம் என்று பெயர். அங்கே நிற்பவனுக்கு இரண்டு பக்க மதில்களின் அடிவாரமும் தெரியும். ஏணி சாய்த்து ஏற வருகிறவனைப் பக்கவாட்டில் சுட முடியும். 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இங்கே கட்டிய கோட்டைகள் இந்தக் கணக்கில் அமைந்தவை.

பதுங்கறை 20-ஆம் நூற்றாண்டின் சரக்கு. தடித்த கான்கிரீட் சுவர், சிறிய துளை, உள்ளே இயந்திரத் துப்பாக்கி அல்லது பீரங்கி. வெடிகுண்டின் ஆற்றல் பெருகப் பெருக உயரமான மதில் எளிய இலக்காகிவிட்டது. அதனால் அரண் மண்ணுக்குள் இறங்கியது.

நங்கூரக் கடல் என்று இந்தக் கட்டுரையில் சொல்வது, துறைமுகச் சுவர் இல்லாத ஊரில் கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும் திறந்த நீர்ப்பரப்பை. டெல்டா கடற்கரையின் போர்க் கதைகள் பெரும்பாலும் இந்த நீர்ப்பரப்பைச் சுற்றியே நடந்தவை.

## இந்தக் கடற்கரையின் குணம்

1. ஆழம் கிடையாது. காவிரியும் கிளையாறுகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரையோரக் கடல் மெல்லச் சரிகிறது. பெரிய கப்பல் தொலைவில்தான் நிற்கும். ஆளும் சரக்கும் படகில் அலையைக் கடந்து கரைக்கு வரவேண்டும். 18-ஆம் நூற்றாண்டுப் பீரங்கி ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் குறி தப்பிவிடும். ஆகவே கரையில் இருக்கும் கோட்டை, கடலில் நிற்கும் கப்பலைப் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது.

2. பருவக்காற்று. ஐப்பசி பிறந்துவிட்டால் நங்கூரக் கடல் கப்பலுக்குக் கல்லறை. 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைப் புயல் நொறுக்கியது. அதனால் சண்டைக் கப்பல்கள் வடகிழக்குப் பருவத்துக்கு முன் பம்பாய்க்கோ திருகோணமலைக்கோ மொரீஷியஸுக்கோ போய்விடும். கடற்போருக்கும் இங்கே பட்டம் உண்டு, குறுவை சம்பாவைப் போல.

3. கல் கிடையாது. டெல்டாவில் தோண்டினால் களிமண்ணும் மணலும்தான். பெருவுடையார் கோயிலின் கல்லே வெளியிலிருந்து வந்தது. கோட்டைகளுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும். கைவிட்ட செங்கல் கோட்டையை உப்புக்காற்று பாதி தின்னும். வீடு கட்டுகிறவர்கள் மீதியை எடுத்துப் போவார்கள்.

4. எதிரி நிலத்திலிருந்து வந்தான். இதுதான் மிக முக்கியம். இந்தக் கோட்டைகளுக்குள் துணியும் மிளகும் வெள்ளியும் இருந்தன. அவற்றைக் கேட்டு வரக்கூடியவர்கள் தஞ்சாவூர் அரசர், அவருக்குப் பகைவர், பின்னாளில் ஹைதர் அலி, பக்கத்து ஊரில் இருந்த இன்னொரு ஐரோப்பிய கம்பெனி. எல்லோரும் வயல் வரப்பு வழியாக வந்தவர்கள். 1699-இல் தஞ்சை மராத்தியப் படை தரங்கம்பாடியை முற்றுகையிட்டதும் நிலத்திலிருந்துதான்.

ஆக, "கடலோரக் கோட்டை" என்ற பெயர் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. கடலைப் பார்த்துக் கட்டிய கிடங்கு, முதுகுப்பக்கத்துக்குப் பயந்து மதில் போட்டுக்கொண்டது என்பதே உண்மைக்கு நெருக்கம்.

## சண்டை நடந்த ஊர்கள்

தேவிக்கோட்டை. கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில், தஞ்சை அரசுக்கு உரிய கோட்டை இது. 1749-இல் ஆங்கிலேயக் கம்பெனி இதைப் பிடித்தது. சாக்கு, தஞ்சை அரியணைக்கான உள்வீட்டுச் சண்டை; நோக்கம், ஆற்று முகத்துவாரம். முதல் படையெடுப்பு அந்த ஏப்ரலில் அடித்த புயலில் சீர்குலைந்தது. கடலூருக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே 'நாமூர்', 'பெம்புரோக்' என்ற இரண்டு போர்க்கப்பல்கள் சிதைந்து நூற்றுக்கணக்கான மாலுமிகள் மூழ்கினார்கள். இரண்டாம் முறை ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தலைமையில் படை கடல் வழியே வந்தது. உடைந்த மதில் வழியே முதலில் பாய்ந்த குழுவுக்கு இளைஞன் ராபர்ட் கிளைவ் தலைவன். பின்னால் வரவேண்டிய சிப்பாய்கள் ஆற்றைக் கடந்து நின்றுவிட, தஞ்சைக் குதிரைப்படை அந்த 34 ஐரோப்பியரில் பெரும்பாலோரை வெட்டிச் சாய்த்தது. கிளைவ் தப்பினான்; பிறகு கோட்டையும் விழுந்தது. கிளைவின் பெயர் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. குதிரைப்படையில் செத்தவர்கள், சிப்பாய்களில் செத்தவர்கள், புயலில் மூழ்கியவர்கள் எவர் பெயரிலும் அங்கே ஒரு செங்கல் கூட இல்லை.

காரைக்கால். 1739-இல் தஞ்சையிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்ற ஊர். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிரபு இந்தப் பக்கம் படையோடு வந்து நாகூரைச் சூறையாடினார். கீழ்வேளூர்க் கோயிலில் பொருள் தேடி அகப்படாமல், உளவாளிகள் என்று சொல்லி ஆறு பிராமணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். பிறகு தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டார். ஆகஸ்ட் 3 அன்று பிரெஞ்சுக் கப்பற்படை நாகைக்கு அருகே ஆங்கிலேயரிடம் அடிபட, காரைக்காலுக்கு எதிரே ஆங்கிலக் கப்பல்கள் நிற்கும் செய்தி கேட்டு முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். வெடிமருந்தும் சோறும் கடல் வழியே வரவேண்டியவை. நங்கூரக் கடல் போனால் தஞ்சைக்கு வெளியே நிற்கும் படைக்கும் உயிர் போய்விடும். 1760-இல் காரைக்காலே ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பின்னர் ஊர் திரும்பிக் கிடைத்தது, அரண் திரும்பவில்லை. 1814 பாரிஸ் உடன்படிக்கையின்படி, பிரான்ஸ் இந்தியாவில் திரும்பப் பெற்ற ஊர்களில் கோட்டை கட்டக்கூடாது. ஊர்க்காவலுக்கு வேண்டிய அளவு வீரர்களை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். காரைக்காலில் கோட்டை ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு விடை இந்த ஒரு பிரிவில் இருக்கிறது.

நாகப்பட்டினம். கதையின் நடுப்பகுதி இதுதான். 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்த ஊர். 1690-இல் சோழமண்டலக் கரைக்கான தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றினார்கள். கட்டிய பெருங்கோட்டைக்கு 'ஐம்புலன்கள்' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். 1780 இறுதியில் பிரிட்டனுக்கும் ஹாலந்துக்கும் போர் மூண்டது. நாகை டச்சுக்காரர்கள் ஹைதர் அலியோடு சேர்ந்தார்கள். 1781 அக்டோபரில் ஹெக்டர் மன்றோவின் ஆங்கிலேயப் படை தரையிலும், எட்வர்ட் ஹியூஸின் கப்பல்கள் கடலிலுமாக வளைத்தன. கப்பல் மாலுமிகளே பீரங்கிகளோடு கரையிறங்கிச் சண்டை போட்டார்கள். முற்றுகையிட்டவர்களைவிடக் கோட்டைக்குள் இருந்தவர்கள் அதிகம்: ஐரோப்பியர், மலாய் வீரர்கள், உள்ளூர்ச் சிப்பாய்கள், ஹைதரின் ஆட்கள். எனினும் மழை வலுப்பதற்குள், நவம்பரில், கோட்டை பணிந்தது. ஹைதரின் பதில் தாமதிக்கவில்லை. 1782 பிப்ரவரியில் திப்பு, கும்பகோணத்துக்கு அருகே கொள்ளிடக் கரையில் ஆங்கிலேயத் தளபதி பிராத்வைட்டின் படையைச் சுற்றி வளைத்து மூன்று நாள் சண்டைக்குப் பின் சரணடைய வைத்தார்.

அந்த ஆண்டு ஜூலை 6 அன்று நாகைக்கு எதிரே ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் மோதினார்கள். ஆளுக்குப் 11 போர்க்கப்பல்கள். சுஃப்ரனின் நோக்கம் நாகையைப் பிடிப்பது. படை இறக்கவும் கப்பல் செப்பனிடவும் இந்தியக் கரையில் அவருக்கு நிலையான இடம் இல்லை. நடுச்சண்டையில் காற்று திடீரென்று திசை மாறி இரண்டு வரிசைகளையும் குலைத்துப்போட்டது. கப்பல் எதுவும் பிடிபடவில்லை. ஆங்கிலேயர் தரப்பில் 77 பேரும் பிரெஞ்சுத் தரப்பில் 178 பேரும் மாண்டார்கள். நாகை ஆங்கிலேயரிடமே தங்கியது. சுஃப்ரன் அடுத்த மாதமே திருகோணமலையைப் பிடித்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார். 1784 உடன்படிக்கையில் நாகை சட்டப்படியும் பிரிட்டனுக்குப் போனது.

டச்சு ஆட்சியின் அந்தக் கோட்டை மதிலை இன்று நாகையில் தேடினால் கிடைக்காது. டச்சு அதிகாரிகள், வணிகர்கள், அவர்கள் குடும்பத்தினரின் கல்லறைகள் உண்டு, கல்வெட்டும் உண்டு. முற்றுகையில் செத்த மலாய்க்காரருக்கும் தமிழ்ச் சிப்பாய்க்கும் அப்படி ஒன்று இல்லை.

## சுவர் நிற்கும் ஊர்

தரங்கம்பாடியின் டான்ஸ்போர்க் கோட்டை 1620-இல், தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரோடு டென்மார்க்கின் ஓவே கெடே செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் எழுந்தது. கீழே கிடங்குகள், சமையற்கட்டு, சிறை. மேலே ஆளுநரும் பாதிரியாரும் தங்கும் அறைகள். கட்டடத்தின் திட்டமே அதன் வேலையைச் சொல்கிறது.

அது ஏன் நிலைத்தது? டென்மார்க் பெரும்பாலான போர்களில் நடுநிலை வகித்தது. பிரிட்டனும் பிரான்ஸும் ஹாலந்தும் ஒன்றையொன்று அடித்துக்கொண்ட காலத்தில் டேனியக் கொடி பறந்த கப்பலில் சரக்கேற்றுவது பாதுகாப்பு, தரங்கம்பாடி செழித்தது. நெப்போலியன் காலத்தில் டென்மார்க் எதிரணிக்குப் போகவே, 1808-இல் ஆங்கிலேயர் ஊரை எடுத்துக்கொண்டார்கள். 1815-இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1845-இல் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு டென்மார்க் விற்றுவிட்டது. விலைக்குப் போன கோட்டையை யாரும் இடிப்பதில்லை.

ஆக, இந்தக் கரையின் விதி தலைகீழானது. சண்டை நடந்த தேவிக்கோட்டையிலும் நாகையிலும் காரைக்காலிலும் மதில் இல்லை. மதில் நிற்கும் தரங்கம்பாடியின் தற்காப்பு பெரும்பாலும் கொடியும் கணக்குப் புத்தகமும்தான். அந்தக் கோட்டைக்கு இன்றைய எதிரி கடல். பக்கத்திலிருக்கும், 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்த மாசிலாமணி நாதர் கோயிலின் ஒரு பகுதியை அது ஏற்கெனவே விழுங்கியிருக்கிறது.

## மனோரா: கோட்டை வேடம் போட்ட நினைவுச் சின்னம்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே சரபேந்திரராஜன்பட்டினத்தில், பாக் நீரிணையைப் பார்த்து எட்டு அடுக்கில் அறுகோணமாக நிற்கும் மனோராவைச் சுற்றி மதிலும் அகழியும் உண்டு. பார்ப்பவர்கள் கோட்டை என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் இது இரண்டாம் சரபோஜி மன்னர், நெப்போலியன் வீழ்ச்சியையும் பிரிட்டிஷ் படைகளின் வெற்றியையும் கொண்டாட 1814-இல் எழுப்பிய வெற்றித்தூண். மன்னர் தம்மை பிரிட்டிஷாரின் நண்பர், துணைவர் என்று சொல்லிக்கொள்ளும் கல்வெட்டே அதில் இருக்கிறது.

மன்னரின் நிலையை நினைத்தால் புரியும். 1799-இல் நாட்டின் நிர்வாகத்தை முழுவதும் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும் மட்டும் கையில் வைத்திருந்தவர் அவர். படை இல்லாத மன்னர், தாம் போடாத போரின் வெற்றிக்கு, அந்தப் போரைப் பார்த்திராத கடற்கரையில் எழுப்பிய தூண் அது. டெல்டாவின் மிகப் பெரிய போர் நினைவுச் சின்னம் இதுதான். அதில் மாண்ட வீரன் ஒருவனின் பெயர்கூட இல்லை. 2004 சுனாமி இதையும் சேதப்படுத்தியது, பிறகு பழுதுபார்த்தார்கள்.

## உலகப் போர்கள்: கான்கிரீட் ஏன் வரவில்லை?

ஐரோப்பாவில் பதுங்கறை வரிசையாகத் தெரிவதற்குக் காரணம், நார்வேயிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை ஜெர்மனி 1942 முதல் கட்டிய அட்லாண்டிக் சுவர். அதற்கும் இந்தியாவுக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு: சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் திரட்டிய இந்தியப் படையணி, 1943-44-இல் பிரான்ஸின் லக்கானோ கடற்கரையில் அந்தச் சுவரைக் காத்து நின்றது.

நம் கரைக்கு அபாயம் வராமல் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுத் தெற்கே போனது. அடுத்த மாதம் பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. பினாங்கு அப்போது நாகைக்காரர்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பு, 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலை என்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. வங்கக் கடலில் 20-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கின. சென்னை பாதி காலியானது.

அப்படியும் டெல்டா கரையில் கான்கிரீட் வரிசை எழவில்லை. காரணங்களைக் கோத்துப் பார்க்கலாம்:

1. கடலோரப் பீரங்கி எதைக் காக்கும்? கப்பல் உள்ளே வந்து நிற்கும் ஆழ்துறையை. பம்பாய்க்கும் திருகோணமலைக்கும் அது தேவை. நாகையில் கப்பல் வெளியே நின்று படகில் ஆள் ஏற்றியது; பிடித்து வைத்துக்கொள்ளத் துறைமுகமே இல்லை.
2. கரையிறங்கினாலும் படை எப்படி நகரும்? சேற்று வயல், ஆயிரம் வாய்க்கால், கிளைக்குக் கிளை பாலம். டாங்கியோடு வருகிறவன் தேர்ந்தெடுக்கும் நிலம் இது அன்று.
3. 1942-இல் அபாயம் வானிலிருந்து வந்தது. அதற்கு விடை பதுங்கறை அன்று, ஓடுதளம். தஞ்சாவூரில் போர்க்காலத்து விமானத்தளம் அப்படித்தான் வந்தது.

மூன்றாவது காரணம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதே தஞ்சாவூர் 2013-இல் முழுமையான விமானப்படைத் தளமாயிற்று. 2020 ஜனவரியில் பிரம்மோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய்-30 விமானங்களின் 222-ஆவது அணி அங்கே நிறுத்தப்பட்டது. டெல்டாவின் இன்றைய கடலோர அரண், கடலை விட்டுத் தள்ளி வயல்களுக்கு நடுவே இருக்கிறது.

போர் டெல்டாவைத் தொட்டது கப்பல் வழியே. நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றிய ரஜூலா, ரோனா இரண்டும் 1926-இல் கட்டப்பட்டவை. போரில் இரண்டும் படை ஏற்றப் போயின. ரஜூலா திரும்பி வந்து பல்லாண்டுகள் ஓடியது. ரோனா 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மன் வழிகாட்டுக் குண்டில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். கப்பல் பணியாளர்களில் மாண்டவர்களும் பலர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்.

## மாண்டவர்களுக்கு எங்கே இடம்?

இங்கே இரண்டு பொருள்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கல்லறை உடல் இருக்கும் இடம். நினைவுச் சின்னம் பெயர் இருக்கும் இடம். எரியூட்டப்பட்டவனுக்கும் கடலில் மூழ்கியவனுக்கும் கல்லறை இல்லை, பெயர்தான் எல்லாம்.

தமிழ் மரபுக்கு இது புதிதன்று. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு துறைகளாகப் பிரிக்கிறது. அந்தக் கல்லில் "பெயரும் பீடும் எழுதி" மயிற்பீலி சூட்டியதை அகநானூறு சொல்கிறது. சாதாரண வீரனுக்கும், ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் பெயர் உண்டு. ஆனால் நடுகற்கள் செங்கத்திலும் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும்தான் மிகுதி. டெல்டாவில் கல்லே இல்லை என்பது இங்கேயும் வந்து உதைக்கிறது.

பிரிட்டிஷ் பேரரசு இந்த வேலையை 1917-இல் ஓர் ஆணையத்திடம் கொடுத்தது. இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். சுமார் 17 லட்சம் பேரின் நினைவைப் பராமரிக்கிறது. விதி எளியது: ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், பதவி, இனம், மதம் பார்த்து வேறுபாடு இல்லை. விதி அழகாக இருந்தது, நடப்பு வேறு. ஈராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் பெயரோடும், இந்தியச் சாதாரண வீரர்கள் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடும் பொறிக்கப்பட்டார்கள். 2021-இல் ஆணையமே வெளியிட்ட விசாரணை அறிக்கை இதை ஒப்புக்கொண்டது: இந்தியா, ஆப்பிரிக்கா முதலிய நாடுகளைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள்; குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரின்றியோ எந்த நினைவும் இன்றியோ விடப்பட்டார்கள்.

தமிழக ஊர்களில் காணப்படும் முதல் உலகப் போர்க் கல்வெட்டுகளும் இந்த வகைதான். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று இரண்டு எண்கள். யார் என்று கல்லுக்குத் தெரியாது. இது அஞ்சலி என்பதைவிட ஆள்சேர்ப்புக் கணக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

காரைக்காலின் கதை வேறு. அங்கிருந்து போனவர்கள் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் 1938-இல் திறக்கப்பட்ட பிரெஞ்சுப் போர் நினைவிடத்தைப் போலக் காரைக்காலிலும் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளிலும், முதல் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் 11-இலும் முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்கள் மலர்வளையம் வைக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் "இந்திய மண்ணில் ஏன் பிரெஞ்சுக் கொடி" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நினைவுகூரப்படுகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்பது பதில்.

இந்த ஏற்பாடுகள் எதிலும் அடங்காத கூட்டம் ஒன்று உண்டு. மலாயாத் தோட்டங்களுக்கு நாகையிலிருந்து கப்பலேறியவர்களின் குடும்பங்களிலிருந்து, ஜப்பானியர் 1942-43-இல் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். சுமார் 415 கிலோமீட்டர் பாதை. அதில் மாண்ட 12,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளுக்குக் தாய்லாந்தின் காஞ்சனபுரி, சுங்காய், பர்மாவின் தன்புசயாத் ஆகிய இடங்களில் வரிசை வரிசையாகப் பெயர்க் கற்கள் இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர் சாவு ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். தமிழர் அதில் பெரும்பங்கு. சீருடை இல்லாததால் அவர்கள் கல்லறை ஆணையத்தின் வரம்புக்குள் வரவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பின், அண்மையில்தான், காஞ்சனபுரியில் அவர்களுக்காகத் தமிழ் முறையில் ஒரு நடுகல் நாட்டப்பட்டிருக்கிறது. பெயர்கள் கிடைக்காததால் அது எல்லோருக்கும் பொதுவான கல்.

சுதந்திர இந்தியாவில் நிலைமை மாறியது. டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் 1947-க்குப் பின் மாண்டவர்களின் பெயர்கள் தனித்தனிக் கற்களில் இருக்கின்றன. கார்கில் போரில், 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் மாண்ட மேஜர் மாரியப்பன் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் உண்டு.

## ஒரு பெயரைத் தேடுகிறவர்களுக்கு

தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ போருக்குப் போய்த் திரும்பவில்லை என்ற பேச்சு குடும்பத்தில் இருந்தால், தேடும் வழி இது.

1. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். கல்லில் எண்ணாக மட்டும் இருந்த இந்தியர்களில் பலரின் பெயர்கள் இப்போது பட்டியலில் இருக்கின்றன.

2. சென்னையில் நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்களின் கல்லறைகள் உண்டு. அதன் பின்பகுதியில் இருக்கும் முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். ஆனால் அவை இந்தியாவின் பல்வேறு இடுகாடுகளில் புதைக்கப்பட்டு, கல்லறை பராமரிக்க முடியாமல் போனவர்களுடையவை. வெளிநாட்டில் மாண்ட டெல்டா வீரனை அங்கே தேடிப் பயனில்லை.

3. மலாயா, சிங்கப்பூர்ப் போர் என்றால் கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவுச் சின்னம். பர்மா என்றால் ரங்கூன் நினைவுச் சின்னம். முதல் உலகப் போரின் மேற்கு முனை என்றால் பிரான்ஸின் நவ் ஷப்பெல். மெசபடோமியா என்றால் பஸ்ரா. எந்தப் போர்முனை என்று தெரிந்துகொண்டால் பாதித் தேடல் முடிந்தது.

4. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வேலைக்குப் போனவர் என்றால் கல்லில் தேட வேண்டாம். அந்தப் போரில் கடலில் மாண்ட இந்தியக் கடற்படையினர் 400-க்கும் மேற்பட்டவர்கள், வணிகக் கப்பல் பணியாளர் ஏறத்தாழ 6,000 பேர் ஆகியோருக்குப் புத்தக வடிவில் நினைவேடு இருக்கிறது. ஒரு படி மும்பையில், ஒரு படி சிட்டகாங்கில்.

5. ஊர்ப்பெயரைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் இன்றைய நாகை, திருவாரூர், மயிலாடுதுறை எல்லாவற்றையும் உள்ளடக்கியது. எனவே மன்னார்குடிக்காரரும் வேதாரண்யத்துக்காரரும் "டான்ஜோர்" என்றே பதிவாகியிருப்பார்கள். திருச்சி "டிரிச்சினாபொலி", நாகை "நெகபட்டம்". முருகேசன் என்ற பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி நாலைந்து விதமாக எழுதியிருக்கக்கூடும்.

6. பெயர் பொருந்தினால் மட்டும் போதாது. முத்துசாமிகள் நிறையப் பேர். படைப்பிரிவு, பணி எண், இறந்த நாள் மூன்றையும் ஒப்பிட வேண்டும். இரண்டாம் உலகப் போர்ப் பதிவுகள் பலவற்றில் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர் என்றும் இருக்கும். வீட்டில் பாட்டியின் பெயர் நினைவிருந்தால் அதை வைத்து உறுதிசெய்துகொள்ளலாம்.